செல்லும் ஊரில் ஒரு நூலகம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பயணத்திற்கு ஆயத்தமாகின்றன. வேளாங்கண்ணித் தாயின் திருத்தலம் நாடிச் செல்வோர் பலர். உறவினர் இல்லங்களுக்குச் செல்வோர் பலர். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பணியாற்றும் மக்களைக் காணக் கடல் கடந்து செல்லும் முதிய பெற்றோரும் இன்று நம் பங்குகளில் குறைவல்லர். சென்ற ஊரில் ஆலயத்தைச் சந்திக்கிறோம். கடற்கரையையும் கடைவீதியையும் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அவ்வூரின் பொது நூலகத்திற்குள் ஒருமுறையேனும் நுழைந்து பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்?

திருத்தூதராகிய புனித சின்னப்பர் ஓயாத பயணி. அவர் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய மடலில், துரோவா நகரில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரும்படி கேட்கிறார். அதனுடன் நூற்சுருள்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் மறவாமல் எடுத்துவரச் சொல்கிறார். உடலின் குளிருக்குப் போர்வை வேண்டியிருந்தது போலவே, அவருடைய உள்ளத்திற்கு நூல்களும் வேண்டியிருந்தன.

நூலகம் காத்த நம் செபங்கள்

நம் முன்னோர் சொல்லிவந்த செபங்கள் தமிழெழுத்தில் முதன்முதலாக அச்சேறியது 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில். இயேசு சபையைச் சேர்ந்த அண்ட்ரிக் அடிகளார் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் அச்சிறு நூல் 16 பக்கங்களே கொண்டது. எனினும், இந்திய மொழி ஒன்றின் எழுத்துக்களில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்குண்டு. இன்று அறியப்பட்டுள்ள அதன் ஒரே படி எங்கே இருக்கிறது? அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில்! நம் மண்ணில் வழங்கிய படிகளெல்லாம் மறைந்தொழிய, அயல்நாட்டார் பேணிய ஒன்று மட்டுமே எஞ்சியுள்ளது.

1679ஆம் ஆண்டில் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ் - போர்த்துகீசிய அகராதியின் கதையும் இத்தகையதே. யாழ்ப்பாணத்தில் பிறந்து, உரோமையில் குருப்பட்டம் பெற்று, தமிழுக்காக உலகெங்கும் சுற்றிய தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் அதனைக் கண்டெடுத்து, 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மீண்டும் வெளியிட்டார். பயணம் சென்ற குருவானவர் ஒருவர் நூலகத்திற்குள் நுழைந்ததனால் தமிழுலகம் பெற்ற பேறு அது.

பயணம் தந்த பரிசு

மேற்கூறிய நூலகங்கள் ஆய்வாளர்க்கு உரியவை. எல்லார்க்கும் கதவு திறந்திருக்கும் பொது நூலகங்கள் நம் மாநிலத்தில் பெருகியதற்கும் ஒரு பயணமே வித்திட்டது. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். அங்குள்ள நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். கற்றோர் மட்டுமன்றி எளிய மக்களும் சிறுவரும் அவற்றைப் பயன்படுத்தும் முறையைக் கண்டு, நம் மக்களுக்கும் அது கிட்ட வேண்டுமென உழைத்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது அவர் கொள்கை. அவ்வுழைப்பின் பயனாக, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் கிளை நூலகங்கள் இருப்பது அச்சட்டத்தின் வழிவந்த நன்மையே. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆதலின் அவை நம்முடையவை. இரவல் இடங்கள் அல்ல.

எரிந்த ஏடுகள்

நூலகத்தின் அருமையைக் கண்ணீரோடு உணர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். 1933இல் செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூலகம் அது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளார் போன்றோரின் அயரா முயற்சியால் அது வளர்ந்தது. 1959இல் அழகிய கட்டடத்தில் குடிபுகுந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அதிர்ச்சி தாளாது உயிர்நீத்தார். நூலகம் பின்னர் மீண்டும் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது. ஆயினும் எரிந்த சுவடிகளை எவரே மீட்டுத் தர வல்லார்? இலங்கையின் மடுமாதா திருத்தலத்திற்குச் செல்லும் நம்மவர், இயலுமாயின் யாழ்ப்பாணம் வரை சென்று அந்நூலகத்தையும் கண்டு வருதல் நலம்.

எங்கே செல்லலாம்?

தொலைதூரம் போக வேண்டுவதில்லை. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், சிறிது தொலைவில் எழும்பூர் கன்னிமாரா நூலகம் உள்ளது. 1896இல் திறக்கப்பட்ட அது, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களுள் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவே உண்டு. மதுரை செல்வோர் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைக் காணலாம். வேளாங்கண்ணிக்குத் தஞ்சை வழியே செல்வோர், அரண்மனை வளாகத்துச் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சிக் கூடத்தில் சுவடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாதலின், அங்குள்ள பொது நூலகங்களில் தமிழ் நூல்கள் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பொது நூலகத்தின் வாயிலின்மேல், அது எல்லார்க்கும் இலவசம் எனக் கல்லிலேயே பொறித்துள்ளனர். மகன் வீட்டில் பகலெல்லாம் தனித்திருக்கும் தாய் தந்தையர்க்கு இத்தகைய இடங்கள் எத்துணை ஆறுதலாகும்!

செல்லுமுன் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிக. உள்ளே அமைதி காக்கப் பிள்ளைகளைப் பழக்குக. அவ்வூரின் வரலாறு கூறும் நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சில பக்கங்களேனும் படிக்க. நூலகரிடம் இன்சொல் பேசி நன்றி கூறி வருக.

அன்பார்ந்த பெற்றோரே, இந்த நற்பழக்கத்தை நம் தெருவிலிருந்தே தொடங்குவோம். இம்மாதம் ஒருநாள் குடும்பமாக அருகிலுள்ள கிளை நூலகத்திற்குச் சென்று உறுப்பினராவோம். ஆளில்லா நூலகம் நாளடைவில் அழிந்துபடும். நம் செபங்களின் முதல் அச்சுப்படியை நாம் காக்கத் தவறினோம். இன்று நம் கையில் இருப்பவற்றையேனும் நம் பிள்ளைகளுக்காகக் காப்போமாக. இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!