சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத சொத்து

புளோரிடாவின் ஆர்லாண்டோவில் உள்ள ஒரு விடுமுறைக் குடியிருப்பில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. அதை நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், அமெரிக்காவில் சராசரியாகச் சுமார் 24,000 டாலர் ஆகிறது. அதே போன்ற வாரங்கள் இணையச் சந்தையில் ஒரு டாலருக்குக் கிடக்கின்றன. அப்படியும் பலவற்றை யாரும் எடுப்பதில்லை. டைம்ஷேர் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரே வீட்டை ஐம்பது பேருக்கு வாரக்கணக்கில் பங்கு பிரித்து விற்கிறார்கள். புளோரிடாவில் பல டைம்ஷேர்கள் நிலத்தைப் போலவே பத்திரப் பதிவோடு வருபவை. முடிவுத் தேதி இல்லாததால் வாங்கியவரின் காலத்துக்குப் பிறகும் அவை தொடரும். போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதன் சராசரி இப்போது ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. யானையைப் பரிசாகப் பெற்றவனுக்குத் தினமும் தீனி போடும் கவலை வருவதைப் போன்றதுதான் இதுவும்.

இருபதாயிரத்துக்கு மேல் போட்ட ஒன்றை இலவசமாகவா கொடுப்பது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கொடுத்த விலையில் பெரும்பங்கு விளம்பரத்துக்கும் விற்பனையாளர் கமிஷனுக்கும் போய்விட்டது; அது கட்டடத்தில் தங்கவில்லை. இரண்டாம் கையாக வாங்குபவருக்குப் பல நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்குத் தரும் சலுகைகளைத் தருவதுமில்லை. ஆகவே இங்கே கைமாறுவது பெரும்பாலும் கட்டணம் கட்டும் கடமைதான். ஆண்டுக்கு 1,200 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு காசு உயராவிட்டாலும் 20 ஆண்டுகளில் 24,000 டாலர். போன பணத்தை எண்ணிக் காத்திருப்பவர் அதே தொகையை இன்னொரு முறை இழக்கிறார். கடமையைத்தான் கொடுக்கிறோம் என்று ஒப்புக்கொண்டால், யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற இரண்டுக்கும் விடை தெளிவாகும்.

வாங்கி ஒருசில நாட்களே ஆகியிருந்தால் கைமாற்றவே தேவையில்லை. புளோரிடாவில் 10 நாட்களுக்குள்ளும் கலிபோர்னியாவில் 7 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். அந்தக் கெடு கடந்துவிட்டால், முதலில் கேட்க வேண்டியது விற்ற நிறுவனத்தையே. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இப்போது திரும்ப ஒப்படைக்கும் திட்டங்கள் உண்டு. கடன் முழுவதும் அடைந்திருக்க வேண்டும், கட்டணப் பாக்கி இருக்கக் கூடாது என்பவை அவற்றின் வழக்கமான நிபந்தனைகள். நிறுவனம் மறுப்பதும் உண்டு. ஆனாலும் முதலில் அங்கே கேட்பதே நல்லது; ஏனெனில் கட்டண பில்லை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

அது நடக்காதபோது, ஆண்டுதோறும் உண்மையிலேயே போய்த் தங்கக்கூடிய உறவினரோ நண்பரோ கிடைத்தால் மாற்றிக் கொடுக்கலாம். இங்கேதான் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். மூன்றாம் நபருக்குப் போவதற்கு முன் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். பிறகு பழைய பத்திரத்தில் உள்ளபடி பெயரும் சொத்து விவரமும் மாறாமல் புதுப் பத்திரம் எழுதி, புளோரிடாவானால் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டு, ரிசார்ட் இருக்கும் கவுண்டியின் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்த நகலை ரிசார்ட்டுக்கு அனுப்பி, மாற்றுக் கட்டணம் செலுத்தி, பெயர் மாறியதற்கு எழுத்துப்பூர்வமான உறுதியும் பெற வேண்டும். கிரயம் முடிந்தும் பட்டா மாறாவிட்டால் என்ன சிக்கல் வரும் என்பது நம் ஊரில் நிலம் வாங்கிய எவருக்கும் தெரியும். அதுபோல, ரிசார்ட்டின் பேரேட்டில் பெயர் மாறாத வரை பில் பழைய உரிமையாளருக்கே வரும்.

இத்தனை அலைச்சல் எதற்கு, பணம் கொடுத்தால் முடித்துத் தர நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். முன்பணம் கேட்கும் இடத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் விஸ்கான்சின் மாநிலமும் 2022இல் தொடுத்த ஒரே வழக்கில், டைம்ஷேரிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லி இத்தகைய நிறுவனங்கள் சில 9 கோடி டாலருக்கு மேல் பறித்ததாகக் குற்றம் சாட்டின. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மெக்சிகோவில் ஒரு போதைக் கும்பலே இந்த மோசடியில் இறங்கியதால், 2023இல் அமெரிக்கக் கருவூலத் துறை அதனோடு தொடர்புடைய நிறுவனங்கள் மீது தடை விதித்தது. வேறு சிலர் பெயரளவு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, நூற்றுக்கணக்கான வாரங்களை அதன் பெயருக்கு மாற்றி, கட்டணம் கட்டாமல் மூழ்கவிடுகிறார்கள். ‘வைகிங் கப்பல்’ என்று அதற்குப் பெயர். அந்தக் கப்பல் மூழ்கும்போது நட்டம் அதே ரிசார்ட்டின் மற்ற உரிமையாளர்கள் தலையில் விடிகிறது.

கட்டாமல் விட்டுவிட்டால் என்ன என்பாரும் உண்டு. வசூல் நடவடிக்கை, பறிமுதல், கடன் நம்பகத்தன்மைக்குச் சேதம் எல்லாம் தொடர்ந்து வரலாம். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதும் தீர்வாகாது. வாரிசு அதை ஏற்க மறுக்கலாம்தான். ஆனால் அமெரிக்க வரிச்சட்டம் அதற்கு 9 மாதக் கெடு வைக்கிறது. அதற்குள் அந்த வாரத்தை அனுபவித்துவிட்டால் மறுக்கும் வாய்ப்பு போய்விடும். துக்க வீட்டில் இந்தக் கணக்கைப் பார்க்கும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளுவது சரியல்ல.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் வேர் முடிவற்ற ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஸ்பெயின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் 50 ஆண்டு உச்சவரம்பு வைத்தது. காலவரம்பற்ற ஒப்பந்தம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் பரவலான 25 ஆண்டு உறுப்பினர் திட்டங்களிலும் ஆண்டுக் கட்டணம் உண்டு, ஆனால் என்றாவது ஒருநாள் அது தானே முடியும். எல்லா நாடுகளும் இந்த வரம்பைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, ஒரு டைம்ஷேரைக் கைமாற்றுபவர் கடந்த ஐந்து ஆண்டுக் கட்டண ரசீதுகளைப் பெறுபவரிடம் காட்டட்டும். அவற்றைப் பார்த்த பிறகும் வேண்டும் என்பவருக்கு மட்டுமே பத்திரம் எழுதட்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால், அடுத்தவர் கண்ணைக் கட்டிக் கொடுப்பதைவிட, ரிசார்ட்டின் கதவையே மறுபடியும் தட்டுவது மேல்.