திரும்ப மறுக்கும் கார்

பந்தயத் திடலிலே ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வளைவை நோக்கிப் பாய்ந்து வருகின்றது. சாரதி ஸ்டியரிங்கைத் திருப்புகின்றார். காரோ அவர் சொற் கேளாது நேரே செல்ல முனைகின்றது. பாதையின் வெளியோரம் நெருங்குகின்றது. அதற்கப்பால் தடைச்சுவர் காத்திருக்கின்றது. அக்கணத்தில் எவருக்கும் தோன்றும் உபாயம் ஒன்றே: ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவது. செய்யத் தகாத காரியமும் அதுவே. ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

கார் இவ்வாறு முரண்டு பிடிப்பதை 'அண்டர்ஸ்டியர்' என்பர். பின்சக்கரங்கள் பிடியோடு ஓட, முன்சக்கரங்கள் முந்திப் பிடியிழந்து வெளிப்புறமாக வழுக்குவதே இது. மாறாகப் பின்சக்கரங்கள் முதலில் வழுக்கி, காரின் வால் வெளியே வீசுமாயின் அது 'ஓவர்ஸ்டியர்'. 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்திலே பணியாற்றிய மொரிஸ் ஒல்லி என்னும் பொறியியலாளரே இச்சொற்களை வழக்கிற்குக் கொணர்ந்தவராகக் கருதப்படுகின்றார்.

டயரின் பிடி குடும்பத்தின் மாத வருமானத்தைப் போன்றது. உள்ள தொகை ஒன்றுதான். பிரேக் பிடிப்பதிலே பெரும் பகுதியைச் செலவிட்டால், திரும்புவதற்கு மிஞ்சுவது சொற்பமே. யாவும் செலவான பின்னர் ஸ்டியரிங்கை மேலும் திருப்புவது, வெறும் பணப்பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை ஒக்கும். உண்மையில் அதனினும் கேடானது. ஓர் அளவுக்கு மேல் சக்கரம் குறுக்காகத் திருப்பப்பட்டால், இருக்கும் பிடியும் குறையத் தொடங்கும். பின்னர் வேகம் தணிந்து பிடி திடீரென மீளும்போது, மிதமிஞ்சித் திரும்பி நிற்கும் சக்கரங்கள் காரை உட்புறமாகச் சுண்டி எறிந்துவிடும்.

ஆகவே அநுபவமுள்ள சாரதி அக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்துகின்றார். ஸ்டியரிங்கையும் சிறிதளவு நேராக்குகின்றார். காரின் பாரம் முன்னே சாய, முன்சக்கரங்கள் மீண்டும் தரையைப் பற்றிக்கொள்கின்றன. விட்டுக்கொடுத்தே காரியத்தை வெல்கின்றார் என்று கூறலாம்.

வளைவிலே டயர்கள் தாங்க வேண்டிய பக்க விசை, வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதாகும். மணிக்கு 100 கிலோமீற்றரில் எடுக்கும் வளைவை 110இல் எடுக்க முயன்றால், விசை நூற்றுக்கு 21 பங்கு கூடும். 95ஆகக் குறைத்தாலோ ஏறக்குறையப் பத்து பங்கு குறையும். வளைவுக்குள் நுழையுமுன் சிறிதளவு வேகத்தைத் தியாகம் செய்வதாற் கிட்டும் ஆதாயம் இத்துணை பெரிது. பந்தயத்தில் மெதுவாக நுழைந்து விரைவாக வெளியேறுவோர் முந்துவதன் இரகசியமும் இதுவே.

இதற்கு ஜெர்மனியின் போர்ஷே 911 கார் தக்க உதாரணமாகும். 1963இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் அறிமுகமான இக்காரின் எஞ்சின், பின் அச்சுக்கும் பின்னால் அமைந்தது. பாரம் பின்னால் மிகுதியாகையால், தொடக்கத்தில் வால் வீசும் கார் என்றே அது பெயரெடுத்தது. அதை அடக்குவதற்குப் பொறியியலாளர் முன் பம்பருக்குள்ளே வார்ப்பிரும்புப் பாளங்களை வைத்தும் பார்த்தனர். 1968இல், முன் பின் அச்சுகளுக்கிடையிலான தூரத்தை 57 மில்லிமீற்றர் கூட்டினர். 1972இல் வெளிவந்த கரேரா ஆர்.எஸ். காரில் முன் றிம்மின் அகலத்தை 6 அங்குலமாகவும், பின் றிம்மின் அகலத்தை 7 அங்குலமாகவும் அமைத்தனர்.

வால் பெருமளவு அடங்கிற்று. ஆனால் பாரம் குறைந்த முன்பாகம், சாரதி அவசரப்பட்டு அக்ஸிலரேட்டரை மிதித்தால், மேலும் இலேசாகித் திரும்ப மறுக்கும். அஞ்சிய சாரதி காலைச் சட்டென்று எடுத்துவிட்டாலோ, பாரம் ஒரேயடியாக முன்னே பாய்ந்து, கனத்த வால் சுழன்று வெளியே வீசும். ஒரு பிழை, அதைத் திருத்தப் போய் அதனினும் பெரிய பிழை. இவ்விரண்டுக்குமிடையே தப்ப வேண்டுமானால் பொறுமை வேண்டும். நேர்பாதையிலேயே பெரும்பாலும் பிரேக் பிடித்துவிட்டு, வளைவுக்குள் திரும்புகையில் பிரேக்கைப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். அதனால் முன்சக்கரங்களின்மேல் பாரம் தங்கும். காரின் முகம் வெளிவழியை நோக்கிய பின்னரே வேகத்தைக் கூட்டலாம்.

இனி, காரிலே செய்யத்தக்க மாற்றங்களும் உள. எனினும் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, எடுத்த எடுப்பில் காரைக் குறைகூறுதல் ஆகாது. நுழையும்போது மட்டும் கார் திரும்ப மறுத்தால், அதிவேகத்தையும் பிரேக்கைத் திடீரென விடுவதையும் முதலிற் சந்தேகிக்க வேண்டும். வெளியேறும்போது மட்டும் மறுத்தால், அக்ஸிலரேட்டரை முந்தி மிதித்ததே காரணமாகலாம். ஓட்டம் சீரான பின்னும் வளைவின் நடுவிலே குறை நீடித்தால், அப்போது காரைக் கவனிக்கலாம்.

கார் ஒரு பக்கம் சாய்வதைக் கட்டுப்படுத்தும் உருக்குத் தண்டு முன்பக்கத்தில் விறைப்பாயிருந்தால், வளைவில் வெளிப்புற முன் டயரின்மேல் பாரம் மிகும். டயரின்மேற் பாரம் இருமடங்கானால் பிடி இருமடங்காகாது. ஆகவே முன் தண்டைச் சற்று இளக்குவதோ, பின் தண்டை விறைப்பாக்குவதோ பயன் தரும். முன் டயர்களின் வெளியோரம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரங்களின் மேற்பாகத்தை உட்புறமாகச் சற்றுச் சாய்த்துப் பொருத்துவர். டயரின் காற்றழுத்தத்தை, ஓடிச் சூடேறிய நிலையில் அளந்து சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பர். ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்து, விளைவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பலித்தது என்பது தெரியாமற் போகும்.

பந்தயத்தை எட்டியும் பாராத நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று வாசகர்கள் வினவலாம். நாம் அன்றாடம் ஏறிச் செல்லும் கார்களிற் பெரும்பாலானவை, வால் வீசுவதற்கு முன் முன்பக்கம் வழுக்கும்படியே வேண்டுமென்று அமைக்கப்படுகின்றன. சாதாரணச் சாரதிக்கு அதுவே ஆபத்துக் குறைந்தது. இக்காலக் கார்கள் பலவற்றில், முன்பக்கம் வழுக்கினால் மின்னணுக் கருவியொன்று உட்புறப் பின்சக்கரத்துக்குத் தானே பிரேக் கொடுத்து உதவுவதுமுண்டு. ஆயினும் டயரிடம் இல்லாத பிடியை எக்கருவியாலும் உண்டாக்க முடியாது. மழை நனைத்த வளைவொன்றில் ஸ்டியரிங்குக்குக் கார் பணியவில்லையென்றால், கைகள் மேலும் திருப்பவே துடிக்கும். அப்போது காலை மெல்லத் தளர்த்தி, கைகளையும் சற்றே இளக்க வேண்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தவருக்கோ அந்தச் சோதனையே பெரும்பாலும் நேர்வதில்லை.