பதினாறு வயது வரை

2017 இல் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, கல்விக் கொள்கை தொடர்பாக ஆய்வு செய்யும் நிறுவனமொன்றில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றேன். கொள்கை என்றால் அறிக்கை வாசிப்பதும் எழுதுவதும்தான் என எண்ணியிருந்தேன். முதல் மாதம் அப்படித்தான் கழிந்தது. இரண்டாம் மாதம் ஒரு கட்டுப் படிவங்களைத் தந்து, பாடசாலையை விட்டு இடைவிலகிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும்படி வல்வெட்டித்துறைக்கு அனுப்பினார்கள்.

நான் படித்து வைத்திருந்தது இதுதான். 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதி, 5 முதல் 14 வயது வரை பாடசாலை செல்வதைக் கட்டாயமாக்கியது. 2016 இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது.

நான்காவதாகப் போனது ரேவடிக் கடற்கரைக்கு அண்மையிலுள்ள வீடு. 1996 இல் வன்னிக்கு இடம்பெயர்ந்து, 2010 இல் ஊர் திரும்பிய குடும்பம். தகப்பன் 2009 இல் காணாமற்போனவர். தாய் விடிய ஐந்து மணிக்கே கருவாடு போடும் வேலைக்குப் போய்விடுவார். முதுகில் செல் துண்டு பட்டுப் படுக்கையிலிருக்கும் மாமியாரை மகள்தான் பார்க்கிறாள்.

"அவளுக்குப் பதினாலு முடிஞ்சுது பிள்ளை. இனிச் சட்டம் ஒண்டும் கேக்காதெண்டு சொன்னவை."

சட்டம் மாறியதை நான் சொன்னதும் அவரது முகம் மாறிவிட்டது. "அப்ப என்னைப் பிடிப்பினமோ?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து காட்டினார். மகளின் பிறப்புச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கைகள். "வலைஞர்மடத்திலையும் இதை விடேல்லை. இடுப்பிலை கட்டிக்கொண்டு திரிஞ்சனான்."

என் கையிலிருந்த படிவத்தில் காரணத்துக்கு ஆறு கட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 'பெற்றோரின் அக்கறையின்மை'. முந்திய மூன்று வீடுகளுக்கும் நான் அதற்கு நேரேதான் அடையாளமிட்டிருந்தேன். மறுநாள் அந்த வீடுகளுக்குத் திரும்பவும் போனேன். ஒன்று பூட்டிக் கிடந்தது.

இதை வாசிக்கும் தாய்மார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒழுங்குவிதியிலேயே பாடசாலை வரவுக் குழுக்களுக்கும் இடமுண்டு. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய், ஏன் என்று விசாரித்து, பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பது அவற்றின் வேலை. பயந்து ஒளிக்கத் தேவையில்லை. அதிபரிடமோ கிராம அலுவலரிடமோ நிலைமையைச் சொல்லலாம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

அந்தத் தாயுடன் நானும் பாடசாலைக்குப் போனேன். வகுப்பாசிரியை கோபிக்கவில்லை, தவறவிட்ட பாடக் குறிப்புகளைத் தான் தருவதாகச் சொன்னார். காலையில் மாமியாரோடு இருக்கப் பக்கத்து வீட்டு ஆச்சி சம்மதித்தார். இந்த ஏற்பாட்டுக்குத்தான் அதிக நாள் எடுத்தது.

'நோயாளியைப் பராமரித்தல்' என்று படிவத்தில் ஏழாவது காரணமாகக் கையால் எழுதிக் கொடுத்தேன். கணினியில் அதற்கு இடமில்லை என்று 'வேறு' என்பதில் சேர்த்துவிட்டார்கள்.

மூன்றாம் தவணையிலிருந்து அவள் பாடசாலைக்குப் போனாள். ஆச்சிக்குக் கிளினிக் உள்ள நாட்களில் மட்டும் பிந்திப் போவாள்.