நிமோனியா மறுபடியும் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி

திடீரென்று குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், மூச்சை இழுத்தால் விலாவில் சுருக்கென்று குத்தல், துருநிறச் சளி. மூன்று நான்கு நாளுக்குள் இவையெல்லாம் மளமளவென்று வந்தால் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது பாக்டீரியா நிமோனியா. எக்ஸ்ரே எடுத்து உரிய மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனால் 12 மாதத்துக்குள் அதே ஆளுக்கு மறுபடியும் வந்தால்? எச்ஐவி உள்ளவர் என்றால் அதை எய்ட்ஸ் நிலையின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1993இல் சேர்த்தது. எச்ஐவி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதவருக்கு, சோதித்துப் பார்க்க அதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் அந்தச் சோதனை பலருக்குத் தாமதமாகிறது. இங்கே முதல் எச்ஐவி தொற்று 1985இல் தெரிய வந்தது. 2023இல் புதிதாகப் பதிவான சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 207 பேர். பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் அண்மை ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் முற்றிய பிறகே விஷயம் தெரிகிறது. பலர் வேறு கோளாறுக்காக மருத்துவமனைக்குப் போன இடத்தில் தெரிந்துகொண்டவர்கள்.

எச்ஐவி உள்ளவர்களிடமே ஒரு தவறான எண்ணம் உண்டு: சிடி4 என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான் நுரையீரலுக்கு ஆபத்து என்பது. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவுக்கு அது பொருந்தும். பாக்டீரியா நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் நியூமோகாக்கஸ் அதுவரை காத்திருப்பதில்லை. சிடி4 நன்றாக இருக்கும்போதும் தாக்கும். எண்ணிக்கை இறங்க இறங்க அடிக்கடி தாக்கும். இந்தப் பாக்டீரியா வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு வரும். எண்ணெய் பூசிய கள்ளனைப் போல வெள்ளணுக்களின் பிடியிலிருந்து நழுவிவிடும். எதிர்ப்புரதங்கள் முதலில் அதன்மேல் ஒட்டிக்கொண்டால்தான் வெள்ளணுக்களால் விழுங்க முடியும். அந்த எதிர்ப்புரதங்களைச் சுரக்கும் அணுக்களையும் எச்ஐவி தொடக்கத்திலேயே நிலைகுலைத்துவிடுகிறது. சிடி4 எண்ணில் இது தெரியாது.

காசநோயும் பாக்டீரியாவால் வருவதுதான். உலக அளவில் எச்ஐவி உள்ளவர்களை அதிகம் பலிகொள்வதும் அதுவே. ஆனால் அது வாரக்கணக்கில் மெல்ல ஊரும்: விடாத இருமல், இரவில் வியர்வை, உடல் மெலிவு. பனடால் போட்டுக்கொண்டு, இருமல் சிரப்பைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிமோனியாவுக்குத் தரப்படும் லெவோஃப்ளாக்சசின் போன்ற சில மாத்திரைகள் காசநோயையும் அரைகுறையாக அடக்கிவிடும். ஆள் தேறியதுபோல் தெரியும். உண்மை நோய் வெளிப்பட நாள் பிடிக்கும். ஆகவே இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சோதனைக்குப் போகாமல் தடுப்பது பயம். அது காரணமில்லாத பயம் என்று சொல்லிவிட முடியாது. எச்ஐவி உள்ள 14,200 பேரின் விவரங்கள் கசிந்த செய்தி 2019 ஜனவரியில் வெளியானது. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவியும் உண்டு. இருப்பது தெரிந்தால் அனுமதி கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இப்படிப்பட்ட பயத்தை அன்றே உணர்ந்துதான் பெயர் சொல்லாமல் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு 1991இல் தொடங்கியது. தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஜாலான் புசாரை ஒட்டிய கிளந்தான் லேனில் அது நீண்டகாலம் நடந்துவந்திருக்கிறது. அடையாள அட்டை கேட்பதில்லை. ஓர் எண் தருவார்கள், விரல் நுனியில் ஒரு குத்து, சற்று நேரத்தில் முடிவு.

தெரிந்துகொண்டால் செய்ய நிறைய இருக்கிறது. முதலாவது, எச்ஐவி மாத்திரையை உடனே தொடங்குவது. சிடி4 500க்கு மேல் இருந்தபோதே தொடங்கியவர்களுக்குக் கடுமையான பாக்டீரியத் தொற்று பாதிக்கும் கீழே குறைந்ததை ஸ்டார்ட் ஆய்வு காட்டியது. நடுவில் நிறுத்துவதும் கூடாது. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நிமோனியா அதிகம் வந்ததை 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் பார்த்தார்கள். சிகரெட் பிடித்தவர்களின் நிலை இன்னும் மோசம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டே புகைப்பவர், ஒரு கையால் கட்டியதை மறு கையால் இடிக்கிறார்.

அடுத்தது நியூமோகாக்கஸ் தடுப்பூசி. ஒருமுறை நியூமோகாக்கஸ் நோயிலிருந்து மீண்டவர்களுக்கு, பெரும்பாலும் எச்ஐவி உள்ளவர்களுக்கு, மலாவி நாட்டில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி குறிவைத்த வகைகளால் நோய் திரும்புவது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. 2010இல் வந்த முடிவு அது. சிங்கப்பூரின் பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையிலும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இந்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. எச்ஐவிக்கு மாத்திரை எடுப்பவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நிமோனியா ஊசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்றே போட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்.