முதுமையின் வலியை மௌனமாகச் சகிக்க வேண்டியதில்லை

ஒக்டோபர் முதலாம் திகதி எமது நாட்டில் சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் ஒருங்கே அனுஷ்டிக்கப்படுகின்றது. அன்றைய மேடைகளில் சிறுவர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் சிறு பங்கேனும் முதியோருக்குக் கிடைப்பதில்லை என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், நாடு சென்றுகொண்டிருக்கும் திசையோ வேறாக இருக்கின்றது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 65 வதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையோர் சனத்தொகையில் 7.9 சதவீதமாக இருந்தனர். 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாக உயர்ந்திருக்கின்றது. பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட, பெற்றோர் மட்டுமே எஞ்சியிருக்கும் வீடுகள் எம்மத்தியில் எத்தனை என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இந்த வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு வசனம் உண்டு. 'வயது போனால் வலி வருந்தானே' என்பதே அது. ஆறுதலாகச் சொல்லப்படுகின்ற போதிலும், அதைக் கேட்ட முதியவர் அதன்பின் தனது வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகின்றார். கிளினிக்கில் வைத்தியர் கேட்கும்போதுகூட 'சுகமாக இருக்கிறேன்' என்று கூறிவிட்டு, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை மட்டும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றார்.

முழங்கால் வலியை எடுத்துக்கொள்வோம். வலிக்கின்றது என்பதற்காக நடமாட்டத்தைக் குறைத்தால் தொடைத் தசைகள் மெலிந்துவிடுகின்றன. மூட்டைத் தாங்கவேண்டிய தசை பலமிழக்கும்போது வலி மேலும் அதிகரிக்கின்றது, விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தும் கூடுகின்றது. எனவேதான் முதியோரும் இயன்றவரை வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென்றும், வாரத்தில் மூன்று நாட்களாவது உடற்சமநிலையைப் பேணும் பயிற்சிகளைச் செய்ய வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. இதற்காக எவரும் உடற்பயிற்சி நிலையத்தைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. கதிரையைப் பிடித்தபடி எழுந்து எழுந்து உட்காருவதும் பயிற்சியே. கோயில் வீதியை வலம்வருவதிலும், ஐவேளைத் தொழுகையில் நின்று, குனிந்து, சிரம் பணிந்து எழுவதிலும் உடலுக்கான அசைவு இயல்பாகவே அமைந்திருக்கின்றது. இயலாதவர்கள் கதிரையில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் இடமளித்துள்ளது. ஆனால், ஒருமுறை கதிரையில் அமர்ந்தவரை நாள் முழுவதும் அதிலேயே இருத்திவைப்பது வீட்டாரின் அளவுகடந்த அக்கறையேயன்றி வைத்திய ஆலோசனை அல்ல.

மறுபுறத்தில், வைத்தியரைக் காணாமலே பார்மஸியில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோரும் இருக்கின்றனர். டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகளை இவ்வாறு தொடர்ந்து பாவிப்பதால் இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் ஏற்படலாம், சிறுநீரகங்களும் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவருக்கு இது இரட்டிப்பு ஆபத்தாகும்.

இதனிலும் பாரதூரமானது புற்றுநோயின் இறுதிக்கட்ட வலி. இதற்கான பிரதான மருந்து மோர்பின். விலை குறைந்தது, வாயாலேயே உட்கொள்ளக்கூடியது. ஆயினும், அது அடிமையாக்கிவிடும், மரணத்தை விரைவுபடுத்தும் என்ற அச்சம் குடும்பங்களிடம் மட்டுமன்றிச் சில வேளைகளில் மருத்துவத்துறையினரிடமும் காணப்படுகின்றது. வைத்தியரின் கண்காணிப்பில் உரிய அளவில் வழங்கப்படும் மோர்பின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. புற்றுநோயின் கடும் வலிக்காக அதைப் பெறுவோர் அதற்கு அடிமையாவதும் அரிது. அநேகமாக எல்லோருக்கும் ஏற்படுகின்ற பக்கவிளைவு மலச்சிக்கலே. அதற்கும் மருந்து உண்டு. இரவு முழுவதும் அனுங்கும் ஒரு தாய்க்கு இந்த மருந்து மறுக்கப்படுமாயின், அதை விதியென்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

இவ்விடயத்தில் நாம் தொலைதூரம் சென்று பாடம் கற்க வேண்டியதில்லை. அயலிலுள்ள கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டு வைத்தியர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் ஆரம்பித்த சிறியதொரு வலிதணிப்பு முயற்சி, பின்னர் அம்மாநிலம் முழுவதும் பரவியது. பயிற்சிபெற்ற தொண்டர்களும் தாதியரும் நோயாளியின் வீட்டுக்கே சென்றனர். பணமும் ஆளணியும் பெருமளவில் ஊர் மக்களிடமிருந்தே கிடைத்தன. 2008இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையொன்றையே வெளியிட்டது. எமது நாட்டிலும் வலிதணிப்புப் பராமரிப்பைக் கொள்கையளவில் எவரும் எதிர்க்கவில்லை. ஆனால், பெரிய வைத்தியசாலையைச் சென்றடைய முடியாத கிராமத்து நோயாளியின் படுக்கைவரை அது வந்துசேர வேண்டும். கோயில் அறங்காவலர் சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் மனம்வைத்தால் தொண்டர்களைத் திரட்டுவது கடினமன்று. மருந்தையும் தாதியையும் வழங்குவது சுகாதாரத் துறையினரின் பொறுப்பு.

மரணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்ற எண்ணமும் இங்கு குறுக்கே நிற்கின்றது. நோயின் உண்மை நிலை பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்திருக்கும், நோயாளிக்கு மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அவர் அதை ஊகித்தேயிருப்பார். அவருக்குத் தீர்க்கவேண்டிய கடன் இருக்கலாம், எழுதவேண்டிய காணி உறுதி இருக்கலாம், முஸ்லிமாயின் வஸிய்யத் செய்யவேண்டியிருக்கலாம். கடைசி நாட்களை வைத்தியசாலையில் கழிப்பதா, சொந்த வீட்டில் கழிப்பதா என்பது பற்றியும் அவருக்கு ஒரு விருப்பம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டிலுள்ள மகன் எப்போது வருகின்றான் என்பதை அவர் அறிய விரும்புவார். அந்த மகனும் விமானச்சீட்டு வாங்குமுன், தகப்பன் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே வருவதா, இறுதிக் கிரியைக்கு வருவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. வீட்டிலுள்ளவர்கள் அவனுக்கு உண்மையைச் சொன்னால்தான் அவனால் அதைத் தீர்மானிக்க முடியும்.