செவ்வாற்றங்கரை உழவர்கள்

உழவனுக்கு நிலம் வெறும் உடைமை அன்று. அவனுடைய மொழியும் வழிபாடும் உறவும் அதனோடு பிணைந்திருக்கின்றன. அத்தகைய நிலத்தை இழந்தோர் வேற்று நாட்டில் மீண்டும் வேரூன்ற இயலுமா? இவ்வினாவிற்கு விடையாக விளங்குகின்றது, ஸ்காட்லாந்திலிருந்து கனடாவிற்குச் சென்ற உழவர் சிலரின் வரலாறு.

ஸ்காட்லாந்தின் வடபகுதி மலைநாடு ஆகும். அங்கே சதர்லாந்துச் சீமையில் கில்டோனன் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழ்ந்த எளிய குடிகள் வாற்கோதுமையும் ஓட்சும் பயிரிட்டனர், மாடுகளை வளர்த்தனர், கேலிக் மொழியைத் தாய்மொழியாகப் பேசினர். நிலமோ பெருநிலக்கிழாருக்கு உரியது. குடிகள் செலுத்தும் வாரத்தினும் ஆட்டு மந்தைகளால் வரும் வருவாய் மிகுதி எனக் கண்ட நிலக்கிழார்கள், குடிகளை அகற்றத் துணிந்தனர். 1813ஆம் ஆண்டில் கில்டோனன் மக்களும் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். ஆடுகளுக்கு இடம் தருவதற்காக மனிதர் வீடிழந்தனர்.

அக்காலத்தில் செல்கர்க் பிரபு என்பார், நிலமற்ற உழவரைக் கனடாவிற் குடியேற்ற விரும்பினார். அதற்காக 1811ஆம் ஆண்டில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியாரிடமிருந்து 1,16,000 சதுர மைல் பரப்புள்ள நிலத்தைப் பெற்றார். செவ்வாறு பாயும் அந்நிலப்பகுதிக்கு முதற் குழுவினர் 1812இல் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டு கில்டோனன் மக்கள் கப்பலேறினர். நடுக்கடலில் கொடிய காய்ச்சல் பரவிச் சிலரைப் பலிகொண்டது. கப்பல் தலைவன் அவர்களைச் சேரவேண்டிய துறையில் இறக்காமல், வடக்கே சர்ச்சில் என்னுமிடத்தில் விட்டுச் சென்றான். மரக் குடில்களில் குளிர்காலத்தைக் கழித்தபின், இளைஞரும் இளம்பெண்களும் 1814 ஏப்ரலில் பனிநடைக் கட்டைகளைக் காலிற் பூட்டி, நூறு மைலுக்கு மேல் நடந்தனர். பைக்குழல் இசைக்கும் ஒருவரும் அவர்களுடன் நடந்தார்.

செவ்வாற்றங்கரையில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஆற்றை நோக்கிய குறுகிய, நீண்ட நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. இதனால் எல்லார்க்கும் ஆற்றுநீர் கிடைத்தது. வீடுகளும் அருகருகே அமைந்தன. எனினும் புல்வேர் பின்னிய அம்மண்ணைக் கொத்துவதற்கு அவர்களிடம் ஏர் இல்லை, மண்வெட்டியே இருந்தது. மென்மயிர்த் தோல் வாணிகம் செய்த எதிர்க் கம்பெனியாரோடும், அவரைச் சார்ந்த மேட்டி மக்களோடும் பகை மூண்டது. 1816இல் நிகழ்ந்த மோதலில் ஆளுநர் செம்பிலும் அவரைச் சேர்ந்த இருபதின்மரும் மாண்டனர்.

அவ்விடுக்கண் காலத்தில் உதவியவர், அம்மண்ணின் பழங்குடிகளான சோட்டோ மக்களின் தலைவர் பெக்விஸ். காட்டெருமை வேட்டைக்குக் குடியேறியோரை அழைத்துச் சென்று பசி தீர்த்தவர்கள் அவருடைய மக்களே. 1817இல் பெக்விசும் பிற தலைவர் நால்வரும் செல்கர்க் பிரபுவோடு உடன்படிக்கை செய்தனர். ஆற்றங்கரை நிலத்தைக் குடியேறியோர் பயன்படுத்தலாம் என்றும், அதற்கு ஈடாக ஆண்டுதோறும் இரு பழங்குடி இனத்தார்க்கும் தனித்தனியே 100 பவுண்டு புகையிலை தரவேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டது.

இன்னலோ அத்துடன் நீங்கவில்லை. 1818இல் வெட்டுக்கிளிகள் விளைச்சலை அழித்தன. விதையும் இல்லாது போகவே, 1820இல் சிலர் பன்னூறு மைல் தொலைவிலுள்ள மிசிசிப்பி ஆற்றங்கரைக்குச் சென்று, ஏறத்தாழ 250 புஷல் கோதுமை விதையைப் படகுகளில் கொணர்ந்தனர். 1826இல் பெருவெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது. வேறு நாட்டிலிருந்து வந்தோர் பலர் ஊரைவிட்டு நீங்கினர்; ஸ்காட்லாந்து உழவரோ மீண்டும் வீடு கட்டினர். தம் குடியிருப்புக்குக் கில்டோனன் என்ற பழைய ஊர்ப்பெயரே வழங்கலாயிற்று. 1870இல் அப்பகுதி மானிடோபா மாகாணமாயிற்று. 1876இல் அங்கிருந்து 857 புஷல் விதைக் கோதுமை கிழக்கு மாகாணமான ஒண்டாரியோவிற்கு அனுப்பப்பட்டது. விதை தேடி அலைந்த நாடு, விதை வழங்கும் நாடாக உயர்ந்தது.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பெக்விசின் வழித்தோன்றல்கள் செவ்வாற்றங்கரையில் தமக்கென ஒதுக்கப்பட்டிருந்த வளமான நிலத்தை 1907இல் இழந்து, வடக்கே செல்ல நேர்ந்தது. அந்நிலம் முறைகேடாகப் பெறப்பட்டது எனக் கனடா அரசே பின்னாளில் ஒப்புக்கொண்டது. நிலம் இழந்து வந்தவர்க்குச் சோறு தந்தவரின் மக்களே நிலம் இழந்தனர். இழப்பைத் தாங்கி எழுவதற்கு உழைப்பு வேண்டும். பெற்ற உதவியை மறவாதிருப்பதற்கு நீதியுணர்வு வேண்டும். முன்னது செவ்வாற்றங்கரையில் நிறைவேறியது. பின்னது நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.