புட்டிக்கும் உண்டு கட்டணம்

அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்தில் வார இறுதிகளில் வழக்கமான காட்சி இது. உல்லாசக் கப்பல் ஏற வந்தவர்கள் பெட்டிகளைச் சுமை தூக்குவோரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு பையை மட்டும் சிலர் கையைவிட்டு இறக்குவதில்லை. உள்ளே, துணியில் பத்திரமாகச் சுற்றிய ஒயின் பாட்டில். திருமண நாளுக்காக இருக்கலாம். கப்பல் மதுக்கூடத்தின் விலைப் பட்டியலை முன்பே பார்த்துவிட்டதாலும் இருக்கலாம்.

கார்னிவல், ராயல் கரீபியன் நிறுவனங்களின் அமெரிக்கப் பயணங்களில் 21 வயதானவர் ஆளுக்கு 750 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்று கொண்டுவரலாம். கப்பலேறும் நாளில் மட்டும், கைப்பையில், சீல் உடையாமல். டிஸ்னி கொஞ்சம் தாராளம்: இரண்டு பாட்டில். நார்வீஜியன் எத்தனை பாட்டிலானாலும் விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் 'கார்க்கேஜ்' வசூலித்துக்கொண்டு. அதாவது மூடியைத் திறந்து கோப்பை வைப்பதற்கான கூலி. பல கப்பல்களில் அறைக்குள் குடித்தால் இது கிடையாது. பாட்டில் உணவுக்கூட மேசைக்கு வந்தால் 15 டாலரோ அதற்கு மேலோ. பத்து டாலர் ஒயினுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

விஸ்கி, ரம் போன்றவற்றுக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் அனுமதியே இல்லை. தடை வந்தால் தந்திரமும் வருமே. வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் சாயம் கலந்த மது, தண்ணீர் பாட்டிலில் வோட்கா என்று பயணிகள் கிளம்பினார்கள். விளைவு, 2015இல் கார்னிவல் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதையே நிறுத்தியது. தாகத்துக்குத் தண்ணீர் எடுத்துவந்த அப்பாவிகளுக்கும் சேர்த்துத்தான் தண்டனை. எக்ஸ்ரேயில் சிக்கும் பெட்டி அறைக்குப் போகாது. உரியவர் பாதுகாப்பு அலுவலர் முன் வந்து திறந்துகாட்ட வேண்டும்.

பாதுகாப்புக்காகவே இதெல்லாம் என்கின்றன நிறுவனங்கள். நடுக்கடலில் போதை தலைக்கேறிய பயணியைச் சமாளிப்பது லேசல்ல என்பது உண்மை. ஆனால் அவற்றின் வருடாந்திரக் கணக்குகள் வேறொரு காரணத்தையும் சொல்கின்றன. பெரிய நிறுவனங்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருமானம் பயணச்சீட்டில் வருவதல்ல. மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா என்று ஏறியபின் பயணி செலவழிப்பது. சீட்டு மலிவாக இருப்பதன் ரகசியமும் இதுவே.

வழியில் ஏதாவதொரு கரீபியன் தீவில் இறங்கி நல்ல ரம் வாங்கினால்? கப்பல் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். பயணத்தின் கடைசியில்தான் பாட்டில் திரும்பக் கிடைக்கும். கப்பலின் சொந்தக் கடையில் வாங்கியதற்கும் பெரும்பாலும் அதே கதிதான்.